ரேகை வளர்த்த வெள்ளிக்கிழமைகள்

நான் வேலை பார்க்கும் கடையில், காலையில் உள்ளே நுழைந்ததும் சுவரில் இருக்கிற ஒரு சின்னப் பெட்டியில் விரலை வைக்க வேண்டும். விரலைப் படித்துவிட்டு அந்தப் பெட்டி ஒரு பெண் குரலில் நன்றி சொல்லும். மற்றவர்களுக்குச் சொல்கிறது. என்னை மட்டும் மறுபடி முயற்சி செய்யச் சொல்கிறது. நானும் விரலை யூனிஃபார்மில் துடைத்து, வாயால் ஊதி, ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைப்பேன். கடைசியில் மேற்பார்வை பார்க்கிற பிலிப்பைன்ஸ் பெண் வந்து ஏதோ எண்களை அமுக்கி என்னை உள்ளே விடுவாள். "பெட்சி, யுவர் ஃபிங்கர் ஆன் லீவ்" என்று சிரிப்பாள். என் பெயர் பேச்சியம்மாள். மஸ்கட்டில் அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது. ஆள் நேரில் நிற்கிறேன், மூச்சு விடுகிறேன், ஆனாலும் நான்தான் என்று அந்தப் பெட்டி நம்ப மாட்டேன் என்கிறதே என்று தினமும் காலையில் பயம் வரும். பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படாது. லிஃப்ட் நின்றால் பயம், மகள் போனை எடுப்பதற்குள் இரண்டு தடவை மணி அடித்தால் பயம். இது மட்டும் காரணத்தோடு வந்த பயம்.

நான் இருப்பது பெண்களுக்கான சலூனில். முடி வெட்டுகிறவர்கள், முகத்துக்குப் பூச்சு போடுகிறவர்கள் எல்லாம் படித்துச் சான்றிதழ் வாங்கிய பெண்கள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குக் குளியலறைப் பக்கம். மொராக்கன் பாத் என்று இங்கே ஒன்று உண்டு. ஆவி நிரம்பிய அறையில் வாடிக்கையாளரைப் படுக்க வைத்து, கறுப்பாகக் குழைந்த ஒரு சோப்பைப் பூசி, சாக்கு மாதிரிச் சொரசொரப்பான கையுறையை மாட்டிக்கொண்டு தலையிலிருந்து பாதம் வரை தேய்க்க வேண்டும். செத்த தோல் திரிதிரியாகச் சுருண்டு வரும். அதைப் பார்த்து அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். வியாழக்கிழமை சாயங்காலங்களில் தோழிகளாகச் சேர்ந்து வருவார்கள், பக்கத்துப் பக்கத்துப் பலகையில் படுத்துக்கொண்டு பேசிச் சிரிப்பார்கள். அவர்கள் போன பிறகு பலகை, தரை, தொட்டி எல்லாவற்றையும் ப்ளீச்சிங் மருந்து ஊற்றிக் கழுவுவது என் வேலை. கையுறை மாட்டினாலும் மருந்து எப்படியோ உள்ளே இறங்கிவிடும். ஊரார் தோலை உரித்து உரித்து என் விரல் நுனி கண்ணாடிக் கோலி மாதிரி வழவழப்பாகிவிட்டது. அதற்கு முன்னால் தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில், பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து பீடி சுற்றியவள் நான். இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்து உருட்டி உருட்டியே ரேகையில் பாதியைப் பீடி இலையிடம் விட்டுவிட்டேன். மீதியைத்தான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் லீவுக்குக் கிளம்பும் முன்னால் அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். பத்து விரலையும் ஒரு கண்ணாடி மேல் வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. கவுண்டரில் இருந்தவர் இந்த நாட்டுக்காரர், நல்ல மனிதர். தானே என் விரலைப் பிடித்து அழுத்திப் பார்த்தார், ஈரத் துணி கொடுத்தார், உலர்ந்த துணி கொடுத்தார். பிறகு என்ன வேலை என்று கேட்டார். "ஸ்பா, சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் ஸ்பாவுக்குப் போகிறவள் என்று நினைத்துக்கொண்டார் போல. தினமும் ஸ்பாவுக்குப் போனால் கை ஏன் இப்படி இருக்கிறது என்று அரபியும் ஆங்கிலமும் கலந்து கேட்டார். விளக்குகிற அளவுக்கு எனக்கு எந்த மொழியும் வராது. நானும் சிரித்து வைத்தேன். ஊருக்குப் போய்க் கைக்கு ஓய்வு கொடு, எண்ணெய் தடவு, சோப்புத் தண்ணீரில் வைக்காதே, தோல் வளரும், திரும்பி வந்து மறுபடி வை என்றார். அப்போதும் ரேகை விழாவிட்டால் என்று கேட்டேன். அவர் கையை மேலே காட்டினார். விழாவிட்டால் அட்டை கிடையாது. அட்டை இல்லாவிட்டால் வேலை கிடையாது. மகள் நாகர்கோவிலில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள், அப்பா இல்லாத பிள்ளை. இந்த விரல்களை நம்பித்தான் அவள் படிப்பு ஓடுகிறது.

ஊருக்குப் போகிறேன் என்றதும் ஒரு வாடிக்கையாளர் அம்மா, பலகையில் குப்புறப் படுத்தபடியே, உங்கள் ஊரில் நீயும் உன் தோழிகளும் எங்கே போவீர்கள் என்று கேட்டார். குற்றாலம் என்றேன். போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு, எத்தனை அறை இருக்கிறது, முன்பதிவு செய்ய வேண்டுமா என்றார். "நோ ரூம், மேடம். ஒன்லி வாட்டர்" என்றேன். ஐயோ பாவம் என்கிற மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நல்ல இடமாகப் பார்த்துப் போகச் சொன்னார்.

தென்காசியில் தம்பி வீட்டில்தான் தங்குவேன். போன மறுநாளே சிக்கல் ஆரம்பித்தது. நான் பாத்திரம் கழுவவில்லை, துணி பிழியவில்லை, மீன் உரசவில்லை. காரணத்தைச் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் பேச்சிக்கு வேலை போகப் போகிறது என்று தெரு முழுக்கப் பரவிவிடும், மகள் காதுக்கும் போய்விடும். தம்பி பெண்டாட்டி நல்லவள்தான், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். "எங்க மதினி குடிச்ச டம்ளரக்கூட கழுவ மாட்டாவ. அங்கன ஆளு வச்சிருக்காவ போல" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். மஸ்கட்டில் நான் கழுவாத தரை இல்லை. இங்கே மகாராணி என்று பெயர். கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

விஷயம் தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒருத்தி இசக்கி. அந்தக் காலத்தில் என் பக்கத்தில் முறம் போட்டு உட்கார்ந்து பீடி சுற்றியவள், இலஞ்சியில் வாழ்க்கைப்பட்டு இன்னும் சுற்றுகிறாள். இன்னொருத்தி ரஹ்மத். எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. கடையநல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள், வீட்டுக்காரர் சவூதியில். முதல் வெள்ளிக்கிழமை இசக்கி வீட்டில் மூவரும் கூடியபோது என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள் இசக்கி.

"என்னளா இது, தேஞ்ச செருப்பு கணக்கா இருக்கு. எனக்கும் இதே கதிதான். ரேசன் கடைல என் வெரலு விழவே மாட்டேங்கு. அந்த அண்ணாச்சி, வெரல வீட்ல வச்சிட்டு வந்துட்டியாம்மான்னு கேக்காரு. மாமியாளக் கூட்டிட்டுப் போயித்தான் அரிசி வாங்குதேன்."

"எங்க தெருவுல ஒருத்திக்கு இப்பிடித்தான், ரியாத்துக்குப் போவும்போது விழல" என்றாள் ரஹ்மத். "தேங்காயெண்ணெயும் கிளிசரினும் போட்டு, ஒரு மாசம் ஒரு சாமான் தேய்க்காம இருந்தா. வந்துட்டு."

"அந்த ஒரு மாசம் யாரு சமைச்சா?"

"அவ மாப்ள."

"அப்ப அந்தச் சாப்பாட்டுக்குப் பயந்து ரேகை வெரசலா வளந்திருக்கும்" என்றாள் இசக்கி.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் இசக்கி வீடு எங்கள் சலூன் ஆனது. அவள் வீட்டுக்காரர் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு மூட்டை ஏற்றப் போய்விடுவார். மாமியார் டிவி முன்னால். வாசல் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் பக்கத்து அறையில் பாயை விரிப்போம். சலூனில் இதெல்லாம் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். இங்கே எவர்சில்வர் தட்டில் கடலை மாவும் தயிரும், முந்தின நாள் ஊறவைத்து அரைத்த வெந்தயம் ஒரு டிபன் பாக்ஸில். ரஹ்மத் பையில் செம்பருத்தி இலை கொண்டுவருவாள், அதைக் கசக்கினால் வழவழவென்று வரும், அது அவள் தலைக்கு. இசக்கிக்குப் பித்தவெடிப்பு. வெந்நீரில் காலை ஊறவைத்து, ரேசன் சீனியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தேய்த்து, விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசிப் பழைய சாக்ஸை மாட்டிவிடுவோம். விடுவோம் என்று சொல்கிறேனே தவிர செய்வது அவர்கள் இரண்டு பேரும்தான். சீனியை என் விரல் பக்கமே விட மாட்டார்கள். எனக்குப் பாலாடை, கற்றாழைச் சோறு, பிறகு கிளிசரினும் பன்னீரும். ஒவ்வொரு விரலாக எடுத்து, நுனியில் வட்டம் வட்டமாக, அழுத்தாமல் தடவுவார்கள்.

முதல் வாரம் என்னால் படுத்திருக்க முடியவில்லை. யாராவது காலை நீட்டினால் என் கை தானாகப் போய் அதைப் பிடித்துத் தேய்க்கப் பார்க்கும். இசக்கி புறங்கையில் ஒரு அடி போட்டாள். "ஏட்டி, கைய மடில வையி. லீவுல வந்தவ லீவுல இரி." அந்தச் சலூனில் எத்தனை உடம்பைத் தொட்டிருக்கிறேன். என்னை யாரும் தொட்டதில்லை, தொடவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. முகத்தில் கடலை மாவு காய்ந்து இறுக, கண்ணில் வெள்ளரித் துண்டோடு படுத்திருந்தபோது சொகுசு என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு நாள் எவ்வளவு அலுத்துப் போயிருக்கிறேன் என்பதுதான் தெரிந்தது. பேச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். "எங்க வீட்டு மனுசன் வீடியோல பாத்துட்டு, என்ன கருத்துட்டேங்காரு" என்பாள் ரஹ்மத். "நீரு வந்து பாரும், நெறம் அப்பறம் சொல்லலாம்னுட்டேன்." கடலை மாவு காயும்போது சிரிக்கக் கூடாது, சிரித்தால் வெடித்து உதிரும். சிரிக்கக் கூடாது என்று சொன்னதாலேயே சிரிப்பு வரும்.

சோதனைக்கு ரஹ்மத்தின் போன். விரல் வைத்தால் திறக்கிற போன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் விரலைப் பதிய வைக்கப் பார்ப்போம், அது ஏற்காது. மூன்றாவது வாரம் ஜன்னல் வெளிச்சத்தில் கட்டை விரலைத் திருப்பியபோது, காய்ச்சின பாலில் ஆடை சுருங்குகிற மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தன. போனில் வைத்தேன். ஏற்றுக்கொண்டது. அணைத்துவிட்டு மறுபடி வைத்தேன். "தொறந்துட்டு" என்றாள் ரஹ்மத், சத்தமே வராமல். இசக்கி தன் விரலையும் வைத்துப் பார்த்தாள், ஏற்கவில்லை. "எனக்கு மாமியா இருக்கா, போதும்" என்றாள். எனக்கு அதற்கப்புறம் பயம் கூடத்தான் செய்தது. இல்லாதபோது பயந்தது ஒரு விதம், வந்த பிறகு அதைக் காப்பாற்ற வேண்டும் என்று பயப்படுவது இன்னொரு விதம். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் முழங்கையால் முட்டுக் கொடுத்து நின்றேன். பலாச்சுளைப் பால் படக் கூடாது என்று சுளையைத் தம்பி பெண்டாட்டி ஊட்டிவிட வேண்டியதாயிற்று. அவள் என்ன நினைத்திருப்பாள் என்று கேட்காதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, குற்றாலம் போவதாகப் பேச்சு. சாரல் விழுந்துகொண்டிருந்தது. போய் இறங்கினால் மெயின் அருவியில் தண்ணீர் பாலத்தைத் தொட்டுப் போகிறது, குளிக்கத் தடை, போலீஸ்காரர்கள் கயிறு கட்டி விசில் ஊதுகிறார்கள். நேந்திரம் சிப்ஸ் பொரிக்கிற கடைக்காரர் என்னைப் பார்த்து, "அக்கா கேரளாவா? நாளைக்குத் தொறந்துருவாவ, ரூம் போட்டுத் தரட்டுமா?" என்றார். மேலகரம் என்றேன். என் பையையும் செருப்பையும் பார்த்துவிட்டு, "சரி சரி" என்றார். அவர் நம்பவில்லை. நாளைக்கு நான் விமானத்தில் இருப்பேன் என்பதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. மூன்று பேரும் நனைந்துகொண்டே இலஞ்சிக்குத் திரும்பினோம். "அருவி இல்லாட்டி என்ன, அண்டா இருக்கு" என்று இசக்கி அடுப்பைப் பற்ற வைத்தாள். காய்ச்சின நல்லெண்ணெயைத் தலையில் வைத்து அரக்கித் தேய்த்து, சிகைக்காய் போட்டு அவளே ஊற்றிவிட்டாள். ராத்திரி மாட்டிக்கொள்ளப் பருத்திக் கையுறை வாங்கப் போகிறேன் என்று ரஹ்மத் தென்காசிக்குப் பஸ் ஏறினாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்று சொல்வார்கள். வலது கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து ஒருக்களித்துப் படுத்தேன், அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

இடது கை குளிர்ந்து விழித்தேன். ஐந்து விரல் நுனியிலும் மருதாணித் தொப்பி, உள்ளங்கையில் ஒரு வட்டம், அதைச் சுற்றிப் பொட்டு. காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. இசக்கி அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பொறவாசல்ல பறிச்சு, பாக்கு வச்சு அரைச்சேன். பிரயாணம் போறவ வெறுங்கையா போவக் கூடாதுல்லா. அந்தக் கைய எடு, அதுலயும் வச்சிருதேன்." நான் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அதற்குள் ரஹ்மத் வந்துவிட்டாள். வாசலிலேயே நின்றாள்.

"ஏட்டி இசக்கி, கூறு இருக்கா ஒனக்கு? செவப்புப் பட்டா மிசினுக்கு ரேகை தெரியாது. எங்க பக்கம் பிரயாணம்னா யாரும் வெரல்ல வைக்கவே மாட்டாவ."

"நெறம்தானட்டி வச்சேன்? ரேகை அங்கனதான இருக்கு, நான் என்ன அழிச்சா போட்டேன்?"

"மிசினுகிட்ட போயி அதச் சொல்லு."

கழுவினோம். இசக்கியின் மருதாணி சீக்கிரம் பிடிக்கும் என்று எங்கள் வட்டாரத்தில் பேர். விரல் நுனியெல்லாம் நல்ல இரத்தச் சிவப்பு. ரஹ்மத் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சீனியைக் கொட்டி, என் சுட்டு விரலைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். இரண்டு தேய்ப்பு விட்டேன். மூன்றாவதில் கையை இழுத்துக்கொண்டேன். இது என் தொழில், எனக்குத் தெரியும். நிறம் போக வேண்டுமென்றால் தோல் போக வேண்டும். தோல் போனால் ஒரு மாதமாக வளர்த்த ரேகையும் அதோடு போகும். "விடுங்களா. இருக்கட்டும்" என்றேன். இசக்கி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் தலையில் அந்தச் சிவந்த கையை வைத்தேன். ரஹ்மத் பருத்திக் கையுறையை எடுத்து இரண்டு கையிலும் மாட்டிவிட்டாள்.

மஸ்கட் கவுண்டரில் இந்த முறை ஒரு பெண் இருந்தாள். அவளுடைய கையிலும் மருதாணி, ஆனால் புறங்கையில் கொடி கொடியாக, விரல் நுனியைத் தொடாமல். வலது கையை முதலில் வைக்கச் சொன்னாள். கண்ணாடி சில்லென்று இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தேன். பச்சை. நான்கு விரலும், பிறகு கட்டை விரலும். இடது கையை வைத்தேன். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தேன், மறுபடி சிவப்பு. அவள் எட்டி என் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தாள். "அரூஸ்?" என்றாள். கல்யாணப் பெண்ணா என்று கேட்கிறாள், அது எனக்குத் தெரியும். என் வயதையும் நரையையும் பார்த்துக்கொண்டே கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். பிறகு ஏன் ஒரு கையில் மட்டும் என்றாள். "ஐ ஸ்லீப், மேடம். மை ஃப்ரெண்ட் புட்" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பக்கத்தில் இருந்தவளிடம் அரபியில் சொல்லி அவளும் சிரித்தாள். பிறகு கம்ப்யூட்டரில் நிறைய நேரம் தட்டினாள். வலது கை போதும், இப்போதைக்குக் குறுகிய காலத்துக்கு அட்டை தருகிறேன், நிறம் போனதும் இடது கையைக் கொண்டு வா என்றாள். கையை மட்டும் தனியாக அனுப்பி வைக்கச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

வேலை இருக்கிறது. மகளுக்கு எதுவும் தெரியாது. இசக்கி வெள்ளிக்கிழமைகளில் ரஹ்மத்தின் போனிலிருந்து கூப்பிட்டு, "செவப்பு போயிட்டா?" என்று கேட்கிறாள். "போயிட்டிருக்கு" என்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் இப்போதும் கூடுகிறார்கள், பின்னால் டிவி சத்தம் கேட்கிறது. சலூனில் யாரும் கவனிக்காதபோது இடது கைக்குக் கிளிசரின் தடவுகிறேன். நிறம் நகத்தில் பிறைபோல மேலே ஏறிக்கொண்டு போகிறது, விரல் நுனியில் வெளிறிக்கொண்டு வருகிறது. எப்போது வேண்டுமானாலும் கொண்டுபோய்க் காட்டலாம் போலத்தான் இருக்கிறது. நான் போகவில்லை. இந்த நாட்டுக்குள் அனுமதி வாங்கிய வலது கைதான் நாள் முழுக்கத் தேய்க்கிறது, அதன் நுனி மறுபடி வழவழக்கத் தொடங்கிவிட்டது. இடது கை பதியும்போது வலது கையில் ரேகை இருக்குமா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்கச் சொன்னால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே, கடைசி வாடிக்கையாளர் போனதும் ப்ளீச்சிங் வாளி முன்னால் குத்தவைத்து உட்காருகிறேன். வலது கை துணியோடு தண்ணீருக்குள் போகிறது. இடது கையைத் தண்ணீர் படாமல் தோளுக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்கிறேன்.